மெல்லிய லேப்டாப் வாங்கும் முன்: மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில விளக்கங்கள்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில், கல்விக் கட்டணத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது லேப்டாப்தான். பல பெற்றோர் ஒரு கடையின் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "பாய், பிள்ளை தினமும் ரெண்டு பஸ் மாறிப் போகணும். மெல்லிசா, எடை இல்லாததா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் "மெல்லிசு" என்ற ஒரே சொல்லை வைத்துக் கடைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நாங்களே அனுபவத்தில் கற்றோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நன்கொடையாளர்கள் தந்த தொகையில் சில மாணவ மாணவியருக்கு லேப்டாப் வாங்கினோம். ஒரே தொகையில் அதிகம் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பார்க்க மெல்லியதாக, கையில் எடுத்தால் இலேசாக, விலையும் குறைவாக ஒரு மாடலைக் கடையில் காட்டினார்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. "விண்டோஸ் 11 ஓடும்" என்றார்கள். ஓடியது உண்மைதான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது, விண்டோஸ் மட்டும் உட்கார இடம் இருந்தது. மாணவரின் வேலைக்கு இடம் இல்லை.

சில மாதங்களில் விண்டோஸ் அப்டேட் இறங்கக்கூட இடம் போதவில்லை. ராமைக் கூட்டலாம் என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றால், ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது என்றார்கள். சேமிப்பும் அப்படியே. அந்த லேப்டாப் பெற்ற பொறியியல் மாணவி ஒருவர் எட்டு மாதம் எங்களிடம் எதுவுமே சொல்லவில்லை. தோழியின் லேப்டாப்பை இரவில் கடன் வாங்கி அசைன்மென்ட் செய்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சும்மா குடுத்ததைக் குறை சொல்லக் கூடாதுன்னு அத்தா சொன்னாங்க" என்றார்.

அந்தப் பணம் அமானிதம். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பயன்படாத பொருளை வாங்கியது எங்கள் பிழை. அதன் பிறகுதான் விவரம் தெரிந்த சகோதரர்களை வைத்து விண்ணப்பப் படிவத்தையே மாற்றினோம். அவர்களிடம் கற்றதையும், மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். சொந்தப் பணத்தில் வாங்குபவர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

முதல் கேள்வி: என்ன படிப்பு?

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு?" என்பது. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பது.

கலை, வணிகவியல், அடிப்படை அறிவியல், சட்டம், பி.எட். போன்ற படிப்புகளுக்கு எழுதுவது, படிப்பது, பவர்பாயின்ட், எக்செல், ஆன்லைன் வகுப்பு ஆகியவைதான் வேலை. எடை குறைந்த சாதாரண லேப்டாப் தாராளமாகப் போதும். பி.காம். மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேலி மென்பொருள் விண்டோஸுக்கானது. ஆப்பிள் மேக் வாங்கிவிட்டு டேலிக்குத் திண்டாடக் கூடாது.

கணினி அறிவியல், பி.சி.ஏ., ஐ.டி. மாணவர்களுக்கு புரோகிராம் எழுதுவதோடு ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் திறந்திருக்கும். இவர்களுக்கு ராம் முக்கியம். செயற்கை நுண்ணறிவு படிக்கிறோம், அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு கூகுள் கோலாப் போன்ற, பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கும் வசதி பெரும்பாலும் போதும்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் மாணவர்களின் நிலை வேறு. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் இயங்கும். முப்பரிமாண வரைபடங்களுக்கு 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவைப்படலாம். இவர்கள் மிக மெல்லிய லேப்டாப்பைத் தேடினால் பிறகு வருத்தப்பட வேண்டிவரும். கொஞ்சம் எடை கூடினாலும் வேலைக்கு ஏற்றதை வாங்க வேண்டும். இரண்டுபரிமாண வரைபடத்தோடு நிற்கும் டிப்ளமோ மாணவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

கல்லூரி திறந்து இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் இருவரிடம், உண்மையில் என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பல கல்லூரிகளில் முதல் பருவத்துக்கு லேப் கணினியே போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்று. தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியும் வகுப்பும் அதில் வருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு பணத்தைச் செலவழியுங்கள்.

தோளுக்குத் தெரிவது எடைதான்

2008-ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகக் காகித உறை ஒன்றிலிருந்து ஒரு லேப்டாப்பை மேடையில் உருவிக் காட்டினார். மெல்லிய லேப்டாப் மோகம் அப்போது பெரிதாகத் தொடங்கியது. 2011-ல் இன்டெல் நிறுவனம் "அல்ட்ராபுக்" என்ற பெயரைக் கொண்டுவந்தது. இன்று எல்லா நிறுவனங்களும் "தின் அண்ட் லைட்" என்று விளம்பரம் செய்கின்றன. ஆனால் இதில் தின் என்பது வேறு, லைட் என்பது வேறு. மெல்லியது கண்ணுக்கு அழகு. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பிள்ளையின் தோளுக்குத் தெரிவது எடை மட்டுமே.

பொதுவான கணக்கு இது. 13 அல்லது 14 அங்குலத் திரை கொண்ட லேப்டாப் 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். 15.6 அங்குலம் என்றால் 1.6 முதல் 1.9 கிலோ. கேமிங் லேப்டாப் 2.2 கிலோவுக்கு மேல். ஆப்பிள் மேக்புக் ஏர் 13 அங்குல மாடல் 1.24 கிலோ. 1 கிலோவுக்கும் குறைவானவை உண்டு. விலை மிக அதிகம், மாணவருக்கு அவசியமில்லை.

சார்ஜரின் எடையைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேமிங் லேப்டாப்பின் சார்ஜர் மட்டுமே அரை கிலோவைத் தாண்டும். லேப்டாப்போடு சேர்த்தால் 3 கிலோவை நெருங்கிவிடும். 14 அங்குல லேப்டாப்பும் அதன் சிறிய 65 வாட் சார்ஜரும் சேர்ந்து 1.7 கிலோ அளவில் முடியும். வித்தியாசம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை விட அதிகம். புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீரோடு தினமும் இரண்டு வேளை, மூன்று நான்கு ஆண்டு சுமக்கப்போகும் எடை இது.

ஹாஸ்டலில் தங்கி, லேப்டாப்பை அறையிலேயே வைத்துப் படிக்கும் மாணவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் 15.6 அங்குலம் வாங்கலாம், கண்ணுக்கும் வசதி. தினமும் போய்வரும் மாணவருக்கு எங்கள் பரிந்துரை 14 அங்குலம், சார்ஜர் இல்லாமல் 1.5 கிலோவுக்குள்.

மெலிவதற்காக எதை இழக்கிறோம்?

ஒரு பொருளை மெலிதாக்க வேண்டுமானால் உள்ளே எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நமக்கு அது சரிப்படுமா என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் போவது ராம் ஸ்லாட். தனியாகச் செருகும் ராம் இடம் பிடிக்கும் என்பதால் அதை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் இதை "ஆன்போர்டு ராம்" என்பார்கள். வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரை. சில மாடல்களில் பாதி ஆன்போர்டாகவும், கூடுதலாகச் செருக ஒரு ஸ்லாட்டும் இருக்கும். மாணவர்களுக்கு அது மிக நல்லது.

அடுத்தது பேட்டரி. உள்ளே இடம் குறைந்தால் பேட்டரியும் சிறிதாகும். மூன்றாவது, காற்று வெளியேறும் வழி. மெல்லிய உடலில் சூடு சீக்கிரம் தேங்கும். சூடு கூடினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் வேகமாக ஓடி, பிறகு மந்தமாகும் லேப்டாப்களின் இரகசியம் பெரும்பாலும் இதுதான். நான்காவது, இணைப்புத் துளைகள். சில மாடல்களில் இரண்டு யுஎஸ்பி-சி துளை மட்டுமே இருக்கும். பென் டிரைவ் போடவும், கல்லூரி புரொஜெக்டரில் இணைக்கவும் தனியாக அடாப்டர் வாங்க வேண்டும். ஐந்தாவது, கீல் எனப்படும் ஹிஞ்ச். விலை குறைந்த மெல்லிய பிளாஸ்டிக் உடலில் ஹிஞ்ச் உடைந்து வருவதை சர்வீஸ் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம்.

எனவே மெல்லியது கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பின்னால் மாற்ற முடிந்தவை, மாற்ற முடியாதவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எடை, திரை, கீபோர்டு, பிராசஸர், ஆன்போர்டு ராம் ஆகியவற்றைப் பின்னால் மாற்ற முடியாது. எஸ்எஸ்டி, ஸ்லாட்டில் உள்ள ராம், பேட்டரி ஆகியவற்றைப் பெரும்பாலும் மாற்றலாம். கையில் உள்ள பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றுக்குச் செலவழியுங்கள். உதாரணமாக, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒன்றும், 16 ஜிபி ஆன்போர்டு ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒன்றும் ஒரே விலையில் இருந்தால், இரண்டாவதை எடுங்கள். எஸ்எஸ்டியை இரண்டு ஆண்டு கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

ராம்: இன்றைய நிலையில் 8 ஜிபி என்பது குறைந்தபட்சம். அதுவும் கூட்ட வழி இருந்தால் மட்டும். ஆன்போர்டு ராம் என்றால் 16 ஜிபி இல்லாமல் வாங்காதீர்கள். 4 ஜிபியைத் தொடவே வேண்டாம்.

சேமிப்பு: எஸ்எஸ்டி என்று தெளிவாக இருக்க வேண்டும். "இஎம்எம்சி" என்று எழுதியிருந்தால், நாங்கள் ஏமாந்த வகை அது. வேகம் குறைவு, பெரும்பாலும் மாற்றவும் முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்திலும் குறைவு, அடிபட்டாலும் தாங்காது. 256 ஜிபி போதும்; 512 கிடைத்தால் நல்லது.

பிராசஸர்: பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்டெல் ஐ5-1235யு என்றால், ஐ5 என்பது தரவரிசை, 12 என்பது தலைமுறை, யு என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடுவது என்று பொருள். எடை குறைந்த லேப்டாப்களில் யு இருக்கும். எச் என்று இருந்தால் வேகம் அதிகம்; சூடும், பேட்டரிச் செலவும் அதிகம். பழைய தலைமுறை ஐ7-ஐ விட புதிய தலைமுறை ஐ3 பல வேலைகளில் நன்றாக ஓடும். ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். செலரான் போன்ற அடிமட்ட வகைகள் நான்கு ஆண்டுப் படிப்புக்குத் தாங்காது.

ஏஎம்டி ரைசனில் ஒரு நுணுக்கம் உண்டு. 7520யு, 7530யு என்ற இரண்டும் ரைசன் 5 என்றே விற்கப்படும். 2023 முதல் வந்த இந்த வரிசையில் மூன்றாவது எண்தான் உள் கட்டமைப்பைக் காட்டுகிறது. 7520யு-வில் உள்ள 2, 2019-ல் வெளிவந்த ஜென் 2 கட்டமைப்பைக் குறிக்கும். 7530யு-வில் இருப்பது அதற்கு அடுத்த ஜென் 3. அது மட்டுமல்ல, 7520யு-வோடு வரும் ராம் ஆன்போர்டு வகை. ஒரு எண் வித்தியாசம்தான். ஆனால் ஒன்றில் 8 ஜிபி என்றால் எப்போதும் 8 ஜிபிதான்.

திரை: "ஐபிஎஸ்" திரையா என்று கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. அளவு 1920x1080 அல்லது 1920x1200 இருக்க வேண்டும். இரண்டாவதில் உயரம் கூடுதல் என்பதால், பாடம் படிக்கும்போது பக்கத்தின் அதிக வரிகள் தெரியும். வெளிச்ச அளவு 250 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. ஜன்னலோரம் அமர்ந்து படிப்பவருக்கு 300 நல்லது.

பேட்டரி: "பத்து மணி நேரம்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். விவரப் பட்டியலில் வாட்-ஹவர் என்ற அளவு இருக்கும். மெல்லிய லேப்டாப் சாதாரண வேலையில் மணிக்கு 7 அல்லது 8 வாட்-ஹவர் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், 50 வாட்-ஹவர் பேட்டரி ஆறு, ஏழு மணி நேரம் தரும். 38 வாட்-ஹவர் என்றால் ஐந்து மணி நேரம்கூட உறுதியில்லை. வகுப்பறையில் பிளக் பாயின்ட் கிடைக்காத மாணவருக்கு இது முக்கியம். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், சார்ஜர் தொலைந்தாலும் வேறொன்றை எளிதில் வாங்கலாம்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். தகுதியானதாக இருந்தால் புதிய மலிவு மாடலை விட நல்லதாகவே இருக்கும். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் லெனோவோ திங்க்பேட், டெல் லாடிட்யூட், எச்பி எலைட்புக் போன்றவை உறுதியான உடலும் நல்ல கீபோர்டும் கொண்டவை. சில ஆண்டுகளில் அவை மொத்தமாக வெளியே வந்து, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் மாவட்டத் தலைநகரக் கடைகளிலும் விற்பனைக்கு வருகின்றன. 14 அங்குல மாடல்கள் நிறையவே கிடைக்கும்.

ஆனால் நான்கைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. இரண்டு, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது, முதலாவதில் பாதி அளவே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள். மூன்று, பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று அணைத்துத் திறந்து பாருங்கள். நான்கு, சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிறர் பொருளை வாங்கும் நிலை நமக்கு வேண்டாம்.

மென்பொருள் விஷயத்திலும் இதே பேணுதல் வேண்டும். கடையில் "எல்லாம் ஏத்தித் தர்றோம்" என்பார்கள். திருட்டு நகலோடு வைரஸும் சேர்ந்து வரும். விண்டோஸ் இல்லாமல் வாங்கினால் உபுண்டு லினக்ஸ் இலவசம். லிப்ரே ஆபீஸ் இலவசம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமம் தருகிறது. இவையெல்லாம் ஹலாலான வழியிலேயே கிடைக்கின்றன.

பணம் எங்கிருந்து?

இதுதான் நம் மக்கள் அதிகம் தடுமாறும் இடம். கையில் மொத்தப் பணம் இல்லை. கடையில் "நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியே இல்லை" என்கிறார்கள். அதன் உள்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் இது நடக்கும்போது, பெரும்பாலும் வங்கி தன் கணக்கில் வட்டி போடவே செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பனையாளர் விலையில் தள்ளுபடி தந்து ஈடுகட்டுகிறார். வட்டித் தொகை மீது 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும். பல இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உண்டு. தவணை தவறினால் அபராதமும் வட்டியும் உறுதி. 2013-ல் ரிசர்வ் வங்கியே, இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று வங்கிகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. மார்க்க ரீதியான தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். ஒப்பந்தத் தாளையும் எடுத்துச் சென்று கேளுங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லை வைத்துக் கேட்காதீர்கள்.

நகையை அடகு வைத்து வட்டி கட்டி லேப்டாப் வாங்கிய தாய்மார்கள் எங்களிடம் பிறகு வந்து சொன்னதுண்டு. முன்பே வந்திருக்கலாம் என்பதே எங்கள் ஆதங்கம். நமது அறக்கட்டளை கர்ழன் ஹஸனா என்னும் வட்டியில்லா அழகிய கடனாகவும் உதவுகிறது. உதாரணமாக 48,000 ரூபாய் என்றால் மாதம் 2,000 வீதம் 24 மாதம். வாங்கிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடுவோம், சாட்சி வைப்போம். சிலருக்கு இது சங்கடமாகத் தெரிகிறது. குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியதுதான். அதற்கு இரண்டு வசனங்கள் முன்பு (2:280), சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருவது பற்றிச் சொல்லப்பட்டுள்ளது. இரண்டையும் நாங்கள் பேணுகிறோம். தவணை கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளிந்துகொள்ளாமல் வந்து சொல்லுங்கள். நீங்கள் திருப்பித் தரும் பணம்தான் அடுத்த பிள்ளையின் லேப்டாப்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களின் விண்ணப்பங்களைத் தனியாகப் பரிசீலிக்கிறோம். வீட்டுக்கு வந்து விசாரிப்பது உங்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல; கொடுத்தவரின் பணம் உரியவரைச் சேர வேண்டும் என்பதற்காக.

கடையில் நிற்கும்போது

மாடலின் முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் பத்து வகை இருக்கும். கூடவே இவற்றைக் கேளுங்கள்:

1. சார்ஜர் இல்லாமல் எடை எவ்வளவு? சார்ஜரோடு எவ்வளவு?
2. ராம் எவ்வளவு? ஆன்போர்டா, ஸ்லாட்டா? எவ்வளவு வரை கூட்டலாம்?
3. எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா?
4. திரை ஐபிஎஸ்தானா? எத்தனை நிட்ஸ்?
5. பேட்டரி எத்தனை வாட்-ஹவர்?
6. விண்டோஸும் ஆபீஸும் ஒரிஜினலாகச் சேர்ந்து வருகின்றனவா?
7. வாரன்டி எத்தனை ஆண்டு? நம் ஊருக்கு வந்து செய்வார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா? பக்கத்து சர்வீஸ் சென்டர் எங்கே?

பிள்ளையைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கீபோர்டில் நான்கு வரி தட்டிப் பார்க்கட்டும். பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்க்கட்டும். ஒரு கையால் திரையைத் திறந்து மூடிப் பார்க்கட்டும். ஹிஞ்ச் ஆடினால் அந்த மாடல் வேண்டாம்.

வாங்கிய பிறகு, மெல்லிய லேப்டாப்பை மெத்தை மீதோ தலையணை மீதோ வைத்து இயக்கக் கூடாது. காற்றுத் துளை அடைபட்டுச் சூடாகும். திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கக் கூடாது. கவர் இல்லாமல் புத்தகங்களுக்கு நடுவே திணிக்கக் கூடாது. பாடக் குறிப்புகளையும் புராஜெக்டையும் வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். இறுதியாண்டு புராஜெக்ட் போனால் ஆண்டே போகும்.

நிறைவாக

அறக்கட்டளையில் லேப்டாப் பெற்ற மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் தந்தது சரியில்லை என்றால் முதல் வாரமே வந்து சொல்லுங்கள். அது நன்றிகெட்டதனம் ஆகாது. சொல்லாமல் இருந்தால் அடுத்த ஆண்டும் அதே தவறான மாடலை இன்னும் பத்துப் பேருக்கு வாங்கிவிடுவோம். எட்டு மாதம் பொறுமையாக இருந்த அந்த மாணவிக்கு, தகுதியான பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அதிலேயே படிப்பை முடித்தார். இப்போது விண்ணப்பங்களோடு வரும் கொட்டேஷன்களைப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லித் தருபவர்களில் அவரும் ஒருவர்.

வீட்டில், அலுவலகத்தில் பயன்படாமல் கிடக்கும் லேப்டாப் வைத்திருக்கும் சகோதர சகோதரிகள், உங்கள் தகவல்களை அழித்துவிட்டு எங்களிடம் தாருங்கள். எஸ்எஸ்டியும் ராமும் மாற்றினால் ஓடக்கூடியவை அவற்றில் பல. உங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடப்பது ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்புக்குத் துணையாகலாம்.

கல்வி தேடிச் செல்லும் நம் பிள்ளைகளின் பாதையை அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன்.